கிரீன்லாந்தும் ஆரஞ்சுத் தோலும்: குட்டிப் புவியியல் கேள்வி – பதில்

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையிலேயே அவ்வளவு பெரிதா என்று எட்டு வயது மகன் கேட்கிறான். எப்படி விளக்குவது?

கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.66 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கா ஏறத்தாழ 3 கோடி. அதாவது ஆப்பிரிக்காவுக்குள் கிட்டத்தட்ட 14 கிரீன்லாந்துகள் அடங்கும். இந்த எண்களை மட்டும் சொன்னால் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய்விடும். ஒரு ஆரஞ்சு எடுங்கள், தோல் தளர்வாக இருக்கும் வகையாகப் பார்த்து. இறுகிய தோலுள்ள பழம் துண்டு துண்டாகக் கிழிந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

அழியாத மார்க்கரால் பழத்தின் இடுப்பைச் சுற்றி நிலநடுக்கோட்டை வரையச் சொல்லுங்கள். அந்தக் கோட்டின் மேலும் கீழுமாகப் பெரிதாக ஆப்பிரிக்கா, காம்புக்குப் பக்கத்தில் சின்னதாகக் கிரீன்லாந்து. பிறகு காம்பிலிருந்து அடிவரை, ஆனால் அடியைத் தொடாமல், நான்கு கீறல் போட்டுத் தோலை ஒரே துண்டாக உரித்து மேசைமேல் அழுத்தித் தட்டையாக்குங்கள். இடுப்புப் பகுதியில் இதழ்கள் நெருங்கி நிற்கும்; காம்புப் பக்கம் பெரிய இடைவெளிகள் விழும். செவ்வக வரைபடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது அல்லவா? அதற்காக அந்த இதழ்களின் நுனியை இழுத்து விரிக்கிறார்கள். துருவத்தை நெருங்க நெருங்க இழுவை கூடும்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் வகுத்த முறையில் அமைந்த வரைபடமாக இருக்கும். அதில் 60 பாகை அட்சத்தில் (அட்சம் என்பது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்காகவோ தெற்காகவோ அளக்கும் கோணம்) அகலம் இரண்டு மடங்கு, உயரமும் இரண்டு மடங்கு. ஆகப் பரப்பு நான்கு மடங்கு. கிரீன்லாந்து கிடப்பதோ அதற்கும் வடக்கே. மெர்கேட்டரைத் திட்ட வேண்டாம். மாலுமிகளுக்காக வரைந்தது அது. அதில் போடும் நேர்கோடு மாறாத திசைகாட்டித் திசையைத் தரும். பரப்பை ஒப்பிட அதை எடுப்பதுதான் தவறு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு முதலில் உலக உருண்டை, பிறகுதான் வரைபடம் என்பது என் கட்சி.

கண்டங்கள் ஏழா, ஆறா, ஐந்தா? ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொன்று சொல்கிறது.

எண்ணும் வழக்கம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வட, தென் அமெரிக்காக்களை ஒன்றாக எண்ணும் நாடுகள் உண்டு. ஐரோப்பாவையும் ஆசியாவையும் யூரேசியா என்று ஒன்றாக்குவோரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கடல் கிடையாது, யூரல் மலைத்தொடரைத்தான் எல்லையாக வைத்திருக்கிறோம். ஒலிம்பிக்கின் ஐந்து வளையங்களில் அமெரிக்கா ஒன்றே, அண்டார்டிகாவுக்கு இடமே இல்லை. பிள்ளைக்கு ஏழு என்றே சொல்லிக்கொடுங்கள். பெரியதிலிருந்து சிறியதாக: ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா. பெருங்கடல்கள் ஐந்து. அவற்றில் பசிபிக் மட்டுமே உலகின் மொத்த நிலப்பரப்பையும் விடப் பெரியது. இதை உருண்டையைத் திருப்பிக் காட்டினால் போதும், ஒரு பக்கம் முழுக்க நீலம்.

கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்று மகள் எழுதியிருக்கிறாள். தவறு என்று தெரிகிறது, செய்துகாட்டத் தெரியவில்லை.

பெரியவர்களிலும் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம்! மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். காரணம் தூரம் அல்ல, சாய்வு. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. உருண்டையின் தாங்கி சாய்வாக இருப்பதும் அதனால்தான்.

இருட்டறையின் நடுவே மூடியில்லாத எல்இடி பல்பு ஒன்றை வையுங்கள் (பழைய இழை பல்பு கை சுடும்). பல்பின் உயரமும் உருண்டையின் நடுப்பகுதியின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். பல்பு மேலே போய்விட்டால் வட பாதிக்கே எப்போதும் அதிக வெளிச்சம் விழுந்து எல்லாம் குழம்பும். சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, உருண்டையின் வட துருவம் அந்தப் பக்கமாகச் சாயும்படி வையுங்கள். இனி பல்பைச் சுற்றி உருண்டையை நான்கு இடங்களில் நகர்த்துங்கள். எங்கே வைத்தாலும் அச்சு அதே சுவர்ப் பக்கம்தான் சாய்ந்திருக்க வேண்டும். சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நகர்த்தும்போது கை தன்னையறியாமல் தாங்கியையும் திருப்பிவிடும். அப்புறம் வட துருவம் எப்போதும் பல்பைப் பார்த்தபடி, ஆண்டு முழுவதும் கோடைதான்.

துருவம் பல்பின் பக்கம் சாய்ந்த இடத்தில் உருண்டையை மேற்கிலிருந்து கிழக்காகச் சுழற்றுங்கள். வட துருவம் ஒரு முழுச் சுற்றிலும் வெளிச்சத்திலேயே நிற்கும். எதிர்ப்புறம் கொண்டுபோனால் முழுச் சுற்றும் இருட்டு. பகல் நீள்வது ஒரு பாதிக் காரணம். மறுபாதிக்கு ஒரு டார்ச்சைக் காகிதத்தின்மேல் செங்குத்தாகப் பிடியுங்கள்: சின்ன, பளிச்சென்ற வட்டம். டார்ச்சைச் சாய்த்தால் அதே வெளிச்சம் நீள்வட்டமாகப் பரவி மங்கும். சாய்ந்து விழும் வெயிலுக்குச் சூடு குறைவது இப்படித்தான்.

அட்சக்கோடு எது, தீர்க்கக்கோடு எது என்று பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.

அட்சக்கோடுகள் ஒன்றையொன்று தொடாத வளையங்கள். தீர்க்கக்கோடுகள் ஆரஞ்சுச் சுளைகளின் ஓரம் போல இரு துருவங்களிலும் கூடுபவை. எழுதும்போது அட்சம் முதலில். அட்சம் 90க்கு மேல் போகாது, தீர்க்கம் 180 வரை போகும். ஆகவே எண் 90ஐத் தாண்டினால் அது தீர்க்கமேதான். இன்னொன்று: வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பதை எழுதாத விடைக்கு மதிப்பெண் தராதீர்கள். வெறும் "20, 40" என்றால் உலகில் நான்கு இடங்கள் போட்டிக்கு வரும்.

நிலநடுக்கோட்டை பூமியின் சுழற்சியே தீர்மானித்துவிட்டது. பூஜ்யத் தீர்க்கக்கோடு மனிதர்கள் பேசி முடிவு செய்தது: 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு லண்டனிலுள்ள கிரீனிச்சைத் தேர்ந்தெடுத்தது.

மலைகள் தடவினால் தட்டுப்படும் புடைப்பு உருண்டை வாங்கலாமா?

வாங்கலாம், மலைத்தொடர் எங்கே ஓடுகிறது என்று விரல் கற்றுக்கொள்ளும். ஆனால் அந்தப் புடைப்பு பலமடங்கு மிகைப்படுத்தியது என்று சொல்லிவிடுங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் 1 சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர். 8,849 மீட்டர் எவரெஸ்ட் அதில் 0.2 மில்லிமீட்டர்தான், விரலுக்குத் தட்டுப்படுவதே கடினம். அதே கணக்கில் நிலாவையும் வைத்துப் பார்க்க விரும்பினால், 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பந்து ஒன்றை உருண்டையிலிருந்து 9 மீட்டர் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் அறைக் கதவைத் திறந்து வெளியே போக வேண்டியிருக்கும்.