வெட்டு ஒன்று, துண்டு இரண்டு

(ஓய்வுபெற்ற எடிட்டர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: பழைய படம் போட்டால் என் மகன் பத்தே நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறான். 'ஜவ்வு மாதிரி இழுக்குது' என்கிறான். அந்தக் காலத்து எடிட்டர்களுக்கு வேகமாக வெட்டத் தெரியாதா? – வாசகி, கும்பகோணம்

பதில்: தெரியும் அம்மா. 1925-ல் ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டீன் எடுத்த 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்' படத்தைப் பையனுக்குப் போட்டுக் காட்டுங்கள். அதில் ஒரு ஷாட் (ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் ஓடுவது) சராசரியாக 3 விநாடிதான் நிற்கும். ஊமைப்படம் அது. வேகத்தைக் கெடுத்தது பேச்சு. பேசும்படம் வந்த புதிதில், கேமரா இரைச்சல் மைக்கில் விழக்கூடாது என்று கேமராவையே கூண்டுக்குள் அடைத்தார்கள். கூண்டை எத்தனை தடவை நகர்த்துவது? ஷாட் நீண்டது. ஹாலிவுட்டில் முப்பதுகள் முதல் ஐம்பதுகள் வரை ஒரு ஷாட் சராசரியாக 8 முதல் 11 விநாடி ஓடியது என்று உட்கார்ந்து எண்ணியவர்கள் சொல்கிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அது 3 முதல் 6 ஆனது. 2004-ல் வந்த 'தி பார்ன் சுப்ரீமசி' 2 விநாடிக்கும் கீழே போய்விட்டது. அதில் யார் யாரை அடிக்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை, அது வேறு விஷயம்.

நம்மூரில் வசனம் வேறு. 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியில் சிவாஜி பேசும்போது நடுவில் வெட்ட யாருக்குக் கை வரும்? படத்தின் இரட்டை இயக்குநர்களில் ஒருவரான பஞ்சுவே அதற்கு எடிட்டர். 'பஞ்சாபி' என்று பெயர் போட்டுக்கொண்டார்.

கேள்வி: ஃபிலிமை நிஜமாகவே கத்தரிக்கோலால் வெட்டினீர்களா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: மூவியோலாவில் ஓட்டிப் பார்த்து, கிரீஸ் பென்சிலால் கோடு போட்டு, ஸ்ப்ளைசரில் வைத்து வெட்டி, டேப் ஒட்டுவோம். 35 எம்.எம். ஃபிலிமில் விநாடிக்கு 24 ஃப்ரேம், அடிக்கு 16. ஆக, ஒரு விநாடி என்பது ஒன்றரை அடி. வெட்டிய துண்டுகளைத் துணி கட்டிய தொட்டிக்கு மேலே ஊசிகளில் தொங்கவிடுவோம்.

1981-ல் நான் வடபழனியில் இரண்டாவது அசிஸ்டென்ட். அம்மா கதவைத் திரும்பிப் பார்க்கிற ஒரு ஷாட். 6 ஃப்ரேம் அதிகம் என்று எடிட்டர் வெட்டிவிட்டார். மறுநாள் காலை வந்ததும், 'அதைத் திரும்பப் போடுடா, அவங்க கண்ணு இன்னும் கதவுக்குப் போகலை' என்றார். 6 ஃப்ரேம் என்றால் நாலரை அங்குலம். தொட்டியைக் கவிழ்த்தேன், குப்பைக்கூடையைக் கொட்டினேன். ஊஹூம். மதியத்துக்கு மேல்தான் கிடைத்தது, முந்தைய நாள் போட்ட அதே பெல்பாட்டத்தின் மடிப்புக்குள், டேப்போடு ஒட்டிக்கொண்டு. நெகட்டிவ் இல்லை, அதிலிருந்து எடிட்டிங்குக்காகப் போட்ட நகலான ரஷ் பிரின்ட் என்பதால் தப்பித்தேன்.

இந்த அவதிக்குப் பயந்தே வெட்டுவதற்கு முன்னால் பத்து தடவை யோசிப்போம். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரில் எடிட் செய்யும் அவிட் வந்தது. பிடிக்கவில்லையா, ஒரு பட்டன், பழையபடி ஆகிவிடும். அப்புறம் டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிம் செலவும் ஒழிந்தது. ஒரு சண்டைக்கு நாலு கேமரா வைத்து எடுத்துக் கொட்டுகிறார்கள். அத்தனை கோணம் கைக்கு வந்தால் யார்தான் சும்மா இருப்பார்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று திட்டுகிறோம். பாதிப் பழி எங்கள் மேசை மேல் விழ வேண்டியது.

கேள்வி: ஒரு காட்சி கரைந்து அடுத்தது வருமே, அந்த டிசால்வ் எங்கே போயிற்று? பூவும் பூவும் உரசுவது? – வாசகர், சேலம்

பதில்: டிசால்வுக்கு லேபில் இரண்டு காட்சியையும் ஒரே ஃபிலிமில் சேர்த்துப் பிரின்ட் போட்டு (ஆப்டிகல் என்போம்) வாங்க வேண்டும், நாளும் பணமும் ஆகும். இன்று ஓசியில் கிடைக்கிறது, யாருக்கும் வேண்டாம். பூக்கள் விஷயம் எங்கள் குற்றமில்லை, சென்சார் பயம்.

கேள்வி: ஒரே ஷாட்டில் எடுத்த படத்துக்கு எடிட்டர் எதற்கு? – வாசகி, புதுச்சேரி

பதில்: 'ரஷ்யன் ஆர்க்' (2002) நிஜமாகவே ஒரே ஷாட். ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குள் 96 நிமிடம் நிற்காமல் நடந்து, ஹார்டு டிஸ்க்கில் பதிவு செய்தார்கள். ஆனால் ஒரே ஷாட் போலத் தோன்றும் ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) காலத்தில் கேமராவுக்குள் அடங்கும் ஃபிலிமே 1,000 அடிதான், சுமார் 11 நிமிடம்தான் ஓடும். சில இடங்களில், சுருள் தீர்வதற்குள் கேமராவை ஓர் ஆளின் முதுகுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் முடித்து, அதே முதுகிலிருந்து அடுத்த சுருளைத் தொடங்கினார்கள். கறுப்புக் கோட்டு திரையை அடைக்கும்போது உற்றுப் பாருங்கள், ஒட்டு அங்கேதான் இருக்கிறது.