‘சும்மாதான் இருக்கேன்’

கரூர் வாசகர்: ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றும் இருக்கின்றன. வேலையைக் காணோமே மேடம்? வேலை இல்லாமல் என்ன மேம்பாடு?

பதில்: வாங்குகிற கூலி வருமானத்துக்குள் வந்துவிடுகிறது. 1990இல் அமர்த்தியா சென்னின் துணையோடு பாகிஸ்தான் பொருளாதார நிபுணர் மஹ்பூப் உல் ஹக் கொண்டுவந்த குறியீடு அது. வேலைக்கென்று இன்னொரு கட்டம் போட்டிருந்தால்? அது நம்மை ஏமாற்றிவிடும்.

யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 28 வருடம் ஓட்டியவள் நான். ‘வேலையில்லை, தேடிக்கிட்டிருக்கேன்’ என்று சொன்னவர்கள் பெரும்பாலும் மச்சு வீட்டுப் பட்டதாரிகள். குடிசையில் அப்படி ஒரு பதிலைக் கேட்டது அபூர்வம். அன்றன்றைக்கு உலை வைக்க வேண்டியவர் செங்கல் சூளையோ கல்குவாரியோ, கிடைத்ததற்குப் போய்விடுவார். என் படிவத்தில் அவர் ‘வேலையில் இருப்பவர்’. ஐ.நா.வின் 2015ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கை முழுக்க வேலையைப் பற்றியதுதான். வேலை பார்த்தும் ஒரு நாளைக்கு 2 டாலருக்குக் கீழே காலம் தள்ளுபவர்கள் உலகில் 83 கோடிப் பேர் என்றது அது.

டாக்கா பக்கம் சவாரில் இருந்த ராணா பிளாசா என்ற கட்டடத்தில் விரிசல் விட்டதும், கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மேல்மாடி ஆடைத் தொழிற்சாலைகளின் தையல்காரர்களை மட்டும் மறுநாள், 2013 ஏப்ரல் 24 காலை, உள்ளே வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏறக்குறைய அத்தனை பேரும் வேலையில் இருந்தவர்கள்தான். வங்கதேசத்தில் லட்சக்கணக்கான பெண்கள் கையில் முதன்முதலாகச் சொந்தக் காசு புரண்டதும் இதே தையல் வேலையால்தான், அதையும் மறைக்கக் கூடாது.

திண்டுக்கல் வாசகர்: கணக்கெடுக்க வந்தவர் என் மனைவிக்கு ‘வீட்டு வேலை மட்டும்’ என்று எழுதிக்கொண்டார். இவள் அவரோடு சண்டைக்குப் போய்விட்டாள். யார் சொல்வது சரி?

பதில்: அந்தத் தம்பி விதிப்படிதான் எழுதியிருக்கிறார். எங்கள் படிவத்தில் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண். 92 என்றால் வீட்டு வேலை மட்டும். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுக்குத் துணி தைப்பது மாதிரியானவை. இரண்டுமே உழைப்பவர் கணக்கில் வராது. ஆனால் உங்கள் மனைவி சண்டை போட்டதில் எனக்குச் சந்தோஷம்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். “என்ன வேலை பாக்குறீங்கம்மா?” என்றேன். “நான் சும்மாதான் இருக்கேன்” என்றார். நானும் 92 எழுதிவிட்டேன். எழுந்திருக்கும்போதுதான் தொழுவத்தில் மூன்று மாடு கண்ணில் பட்டது. பால் கறப்பது யார்? அவர். புண்ணாக்கு ஊறவைப்பது, சாணி அள்ளுவது, கன்றைக் கவனிப்பது? அவர். சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிப் போவதும் அவர்தான். பால் கார்டு மட்டும் வீட்டுக்காரர் பேரில். விற்கிற பால் என்பதால் அது தொழில். 92ஐ அடித்துவிட்டு 21, அதாவது குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர் என்று எழுதினேன். ‘உதவுபவராம்!’ அன்றைக்குப் பேருந்து வரும்வரை அந்தச் சொல்லை நினைத்து எனக்கே சிரிப்பு. அதற்கு முன்னால் எத்தனை வீட்டில் தொழுவத்தைப் பார்க்காமல் வந்தேனோ.

2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் செய்கிற ஆண்களில்தான். செய்பவர்களே நூற்றுக்கு 26 பேர். நான் மேலே சொன்ன 2015 அறிக்கையும், உலகின் மொத்த உழைப்பில் 52 சதவீதம் பெண்களுடையது என்றது. கூலியில்லாத உழைப்பை மட்டும் எடுத்தால் நான்கில் மூன்று பங்கு.

ஐஸ்லாந்துப் பெண்கள் இதைக் காட்ட வேறு வழி பிடித்தார்கள். 1975 அக்டோபர் 24 அன்று நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் ஆபீஸ், அடுப்படி இரண்டையும் விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அப்பாக்கள் பிள்ளைகளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சட்டென்று சமைக்கலாம் என்பதால் கடைகளில் சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டம் தீர்ந்துபோனதாம். உங்கள் வீட்டில் சண்டையோடு நின்றது, நல்லது!

மதுரை வாசகர்: மகன் இன்ஜினீயரிங் முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறான். கடை வாடகை வருகிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் பேப்பரைக்கூடப் பிரிப்பதில்லை. இது சோம்பேறித்தனம்தானே அம்மா?

பதில்: அப்படித் தோன்றவில்லை ஐயா. வியன்னா பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு மில் ஊர். 1929இல் தொடங்கிய நெருக்கடியில் மில்லை மூடினார்கள். ஊரே வேலையிழந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்க மாரி யஹோதா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். வேலைதான் இல்லையே, நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் புத்தகம் வாங்குவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள். முழுநாளும் என்ன செய்தாய் என்று எழுதச் சொன்னால் எழுத ஒன்றுமில்லை. அதே தெருவில் பெண்கள் மட்டும் வேகமாகப் போனார்கள். மில் போனாலும் அடுப்பு போகவில்லையே!

அந்த ஊரில் பல குடும்பங்களுக்கு நிவாரணப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் கடை வாடகை மாதிரி. பணம் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். எத்தனை மணிக்கு எழுவது, யார் நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் வேலையோடு வருகிறது.

‘வேலை கிடைச்சுதா’ என்று தினமும் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அப்புறம் ஒரு சந்தேகம். அந்தக் கடைகளின் வாடகை வசூல், ரசீது, கரண்ட் பில், ரிப்பேர் எல்லாம் யார் பார்க்கிறார்கள்? நீங்களே என்றால், அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கணக்கு நோட்டை மகன் கையில் கொடுங்கள். சம்பளம் பேசிவிட்டு.