606 டாலர் கணக்கு: முதல் ஆல்பத்துக்குப் பணம் எங்கே போகிறது?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் மூன்று வருடமாக ராக் பேண்ட் நடத்துகிறோம். சொந்தப் பாட்டு பதினொன்று கையில் இருக்கிறது. நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பமான ‘ப்ளீச்’ வெறும் 606 டாலரில் முடிந்தது என்று படித்தோம். எங்களிடம் இருப்பது ஒரு லட்ச ரூபாய். அதில் அறுபதாயிரம் ஒரு நண்பர் போடுகிறார். அவர் எதுவும் வாசிக்க மாட்டார், அட்டையில் பெயர் வந்தால் போதும் என்கிறார். இந்தப் பணத்தில் முழு ஆல்பமும் வருமா?

பதில்: வரும். ஆனால் அந்த 606 டாலரை அப்படியே நம்பி ஸ்டூடியோவுக்குப் போனால் நான்காவது பாட்டிலேயே கை காலியாகிவிடும்.

கதை பொய்யில்லை. சியாட்டிலில் ரெசிப்ரோக்கல் ரெக்கார்டிங் என்ற சின்ன ஸ்டூடியோவில் ஜாக் எண்டினோ பதிந்தார். சுமார் 30 மணி நேரம், 606 டாலர் 17 சென்ட். மணிக்கு 20 டாலர்தான். விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் இன்றைக்கு ஏறத்தாழ 1,500 டாலர், நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும். ஆக, உங்கள் கையில் இருப்பது அவர்களிடம் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான், ரொம்பக் குறைவில்லை.

கதையில் யாரும் சொல்லாத பாதி ஒன்று உண்டு. 1989 ஜூனில் சப் பாப் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட அந்த இசைத்தட்டில் 11 பாட்டு. அதில் இரண்டு, 1988 ஜனவரி 23 அன்று இதே எண்டினோவிடம் ஒரே மதியத்தில் பத்துப் பாட்டாக அடித்துத் தள்ளிய டெமோ என்ற மாதிரிப் பதிவிலிருந்து வந்தவை. டிரம்ஸ் வாசித்தவர் மெல்வின்ஸ் குழுவின் டேல் க்ரோவர். அதற்கான 152 டாலர் சொச்சம் தனிக் கணக்கு. ‘லவ் பஸ்’ என்ற பாட்டு, தனியாக வெளியிட்ட முதல் சிங்கிளுக்காக அந்த ஆண்டின் நடுவில் பதிந்தது. அதுவும் தனிக் கணக்கு. 606 டாலரில் புதிதாகப் பதிந்து தட்டில் ஏறியவை எட்டே பாட்டு. புது டிரம்மர் சாட் சானிங்கை வைத்து டெமோவிலிருந்த அந்த இரண்டையும் திரும்பப் பதிந்து பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. பழைய பதிவையே மறுபடி மிக்ஸ் செய்து, அதாவது ஒலிகளின் அளவைச் சரிக்கட்டி, சேர்த்துவிட்டார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது: பதினொன்றையும் ஒரே மூச்சில் பதிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இப்போதே ஒரு நாள் ஸ்டூடியோ எடுத்து, ஐந்தாறு பாட்டை நேரடியாகச் சேர்ந்து வாசித்துப் பதிந்து பாருங்கள். எந்தப் பாட்டு நிற்கிறது, எது மேடையில் மட்டும் நன்றாக இருந்தது என்பது அன்று மாலையே தெரிந்துவிடும். நன்றாக வந்த டேக்கை, அதாவது ஒரு முறை வாசித்துப் பதிந்ததை, வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், பிறகு பெரிய செலவில் மறுபடி பதிந்ததைவிட அந்த முதல் டேக்கில்தான் உயிர் இருந்திருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை.

அடுத்தது ஒத்திகை. நிர்வாணா 1988 டிசம்பர் 24 அன்று பதிவு தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் விடாமல் ஒத்திகை பார்த்தார்கள். வாத்தியங்கள் கையில் பழகியிருந்ததால்தான் 30 மணி நேரம் போதுமானதாக இருந்தது. பாட்டு வரிகள் விஷயத்தில் மட்டும் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் நேர்மாறு. பெரும்பாலானவற்றைப் பதிவுக்கு முந்தைய இரவில் எழுதியதாக அவரே பின்னாளில் சொன்னார். அதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். கத்திப் பாடுகிற பாட்டில் வரி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் தெரியாது. தமிழில் பாடுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, கேட்பவர் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொள்வார்.

அப்புறம் டிராக், அதாவது ஒவ்வொரு வாத்தியத்தையும் குரலையும் தனியே பதிகிற வரிசை. எண்டினோவிடம் இருந்த டேப்பில் எட்டே வரிசைதான். டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் என்று பங்கிட்டால் மிச்சம் ஒன்றிரண்டு. பத்து அடுக்குக் கிட்டார் போட ஆசைப்பட்டாலும் இடமில்லை. இன்று கணினியில் நூறு டிராக் திறக்கலாம், நம் பேண்ட்களின் பணம் கரைகிற இடமே அதுதான். பதிவு இரண்டு நாளில் முடிந்துவிடும், திருத்தமும் மிக்ஸிங்கும் ஆறு மாதம் இழுக்கும். நீங்களாகவே ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள்: பாட்டுக்குப் பன்னிரண்டு டிராக், கிட்டாருக்கு நான்கு, குரலுக்கு மூன்று டேக். மிச்சப்படுகிற காசில் டிரம்ஸுக்குப் புதுத் தோல் போடுங்கள், கிட்டாருக்குப் புதுக் கம்பி மாற்றுங்கள். டிரம்ஸை ஒழுங்காகச் சுருதி சேர்க்கத் தெரிந்த ஒருவரை அரை நாள் கூப்பிடுங்கள். பழைய தோலின் சத்தத்தை எந்த மிக்ஸிங்காலும் சரிசெய்ய முடியாது.

சுருதி என்றதும் ஒன்று. ‘ப்ளீச்’சில் வரும் ‘ப்ளூ’ (Blew) என்ற பாட்டு அத்தனை அடித்தொண்டையில் ஒலிப்பது திட்டமிட்டு வந்ததல்ல. கம்பியை ஏற்கெனவே இறக்கியிருந்ததை மறந்து இன்னொரு முறை இறக்கிவிட்டார்கள். அன்றைய பதிவில் அது ஒன்றுதான் தேறியது, மற்றவை வீண். ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் ட்யூனரைப் பாருங்கள்.

வெளியீட்டுச் செலவை உங்கள் கேள்வியில் காணவே காணோம். 1989 ஜனவரி இறுதியில் பதிவு முடிந்தும் ‘ப்ளீச்’ கடைக்கு வர ஜூன் ஆனது. பாட்டுகளின் வரிசையை முழுவதும் மாற்றச் சொன்னார் சப் பாப்பின் ப்ரூஸ் பாவிட். அதன்பின் தட்டு அச்சடிக்க நிறுவனத்திடம் காசில்லை. உங்களுக்கு அச்சுச் செலவு இல்லாவிட்டாலும் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு), அட்டைப்படம், விநியோகக் கட்டணம் உண்டு. மொத்தத்தில் கால் பங்கை, அதாவது இருபத்தைந்தாயிரத்தை இப்போதே தனியே எடுத்து வையுங்கள். பாட்டுகளை வெளியீட்டு நாளுக்கு நான்கைந்து வாரம் முன்பே இணைய விநியோகஸ்தரிடம் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை செயலியின் பாட்டுப் பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க வேண்டுமானால் குறைந்தது ஏழு நாள் முன்னதாகவாவது பாட்டு அங்கே இருந்தாக வேண்டும். நள்ளிரவில் ஏற்றிவிட்டுக் காலையில் வெளியிடுகிற குழுக்கள் இதைத்தான் கோட்டை விடுகின்றன.

இனி உங்கள் நண்பர். ‘ப்ளீச்’சுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். ஜேசன் எவர்மன் அந்த 606 டாலரைக் கொடுத்தார். ஆல்பத்தில் ஒரு நரம்பைக்கூட அவர் மீட்டவில்லை. ஆனாலும் அட்டையில் கிட்டார் என்று பெயர் போட்டார்கள், முகப்புப் படத்திலும் அவர் இருக்கிறார். சில மாதம் கூடவே சுற்றுப்பயணம் போனார், அந்தக் கோடையிலேயே குழுவை விட்டு விலகினார். ஆல்பம் பின்னாளில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் கடன் தீர்ந்தபாடில்லை.

உங்கள் நிலைமையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவை முன்னின்று பொறுப்பெடுத்து நடத்துபவரே ஒலிப்பதிவின் தயாரிப்பாளர். அதன் உரிமை அவருடையது. பாட்டும் மெட்டும் எழுதியவர்களின் உரிமை வேறு. பெரும்பங்கு பணம் போட்ட நண்பர் ஸ்டூடியோவையும் அவர் பேரிலேயே முன்பதிவு செய்து, ரசீதும் அவர் பேரில் வாங்கினால், நாளை ஒலிப்பதிவு யாருடையது என்ற கேள்வி வரும். எனவே ஒரே பக்கத்தில் தமிழிலேயே எழுதுங்கள்: அறுபதாயிரம் கடனா, பங்கா? கடனென்றால் எப்போது திரும்பும்? பங்கென்றால் எத்தனை சதவீதம், எதில்? பெயர் எந்த இடத்தில், என்னவென்று வரும்? வாசிக்காதவருக்கு ‘கிட்டார்’ போட வேண்டாம், ‘தயாரிப்பு உதவி’ என்று போடலாம். ஒலிப்பதிவு உங்கள் நால்வருடையது என்பதையும் அதிலேயே எழுதி ஐவரும் கையெழுத்திடுங்கள்.

எழுத்தில் இருப்பதன் மதிப்பு சப் பாப்புக்கே தெரியும். குழுவின் பேஸ் கலைஞர் க்றிஸ்ட் நோவோசெலிக் பாவிட்டின் வீட்டு வாசலுக்கே போய் ஒப்பந்தம் கேட்டு நச்சரித்தார். வேண்டாவெறுப்பாகத்தான் எழுதினார்கள். பிறகு கெஃபென் என்ற பெரிய இசை நிறுவனம் நிர்வாணாவை எடுத்துக்கொண்டபோது, அந்தக் காகிதம் இருந்ததால் சப் பாப்புக்கு 75,000 டாலரும் அடுத்த ஆல்பத்தின் விற்பனையில் ஒரு பங்கும் கிடைத்தன. தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனம் அதில்தான் மூச்சுவிட்டது.

நண்பரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். ஸ்டூடியோவுக்கு முன்பணம் கட்டிய பிறகு எடுத்தால் அந்தப் பேச்சு கசக்கும்.