வாசகர் கேள்வி பதில்: சுண்ணாம்பு மணக்கும் சோள ரொட்டி

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில், மெக்சிகோ நாட்டுச் சோள உணவுகளை விற்கும் சிறிய கடையொன்று திறந்திருக்கிறது. அங்கே சாப்பிட்ட டோர்ட்டியா என்ற சோள ரொட்டியில் வெற்றிலைச் சுண்ணாம்பின் வாசனை லேசாக வந்தது. விசாரித்தபோது, சோளத்தைச் சுண்ணாம்பு நீரில்தான் வேகவைப்பதாகச் சொன்னார்கள். இது உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? பேரங்காடியில் சோள மாவு வாங்கி வீட்டில் நான் சுட்டது ஏன் உதிர்ந்துபோனது?
(தோ பாயோ வாசகி)

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள். அந்த வாசனை துளியும் இல்லாத சோள டோர்ட்டியாவைத்தான் நான் சந்தேகிப்பேன். முற்றிக் காய்ந்த சோளத்தை, கிலோவுக்கு ஏறத்தாழ 10 கிராம் சுண்ணாம்பு கரைத்த நீரில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வேகவைத்து, அடுப்பை அணைத்தபின் இரவு முழுவதும் அந்த நீரிலேயே ஊறவிடுகிறார்கள். விடிந்ததும் தண்ணீர் மஞ்சளாகிக் கொழகொழவென்றிருக்கும். கையை விட்டுக் கசக்கி அலசினால் மேல்தோல் வழுக்கிக் கழன்றுவிடும். இப்படிப் பதப்பட்ட சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்றும், அதை அரைத்த மாவுக்கு மாசா என்றும் பெயர்.

சோளத்தில் கோதுமைக்குரிய பசைப்புரதம் கிடையாது. சுண்ணாம்பு அதன் தோலையும் உள்ளிருக்கும் நார்ச்சுவர்களையும் இளக்குவதால்தான் மாசா ஒன்றோடொன்று ஒட்டி, தட்டுவதற்கு வாகாக இருக்கிறது. நீங்கள் வாங்கியது கார்ன் ஃபிளவர் என்றால் அது வெறும் மாச்சத்து. சுண்ணாம்பிடாத சோளத்தை உலர வைத்து அரைத்த மாவென்றாலும் அது இப்படிப் பிடித்துக்கொள்ளாது. மாசா அரினா என்று கேட்டு வாங்குங்கள். அது நிக்ஸ்டமாலை அரைத்து உலர்த்திய மாவு.

உடம்பைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்ல வேண்டும். சோளத்திலுள்ள நயாசின் என்ற உயிர்ச்சத்து நம் குடலுக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது. அதை அவிழ்த்து விடுவது சுண்ணாம்பே. ஸ்பானியர்கள் சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள், ஆனால் இந்தப் பக்குவம் உடன் செல்லவில்லை. சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தியும் தடுமாறியது. பெல்லாக்ரா எனப்பட்ட அந்நோயை 1735ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் மருத்துவர் காஸ்பர் காசல் விவரித்தார். நயாசின் குறைவே காரணம் என்பது 1937ல்தான் தெளிவானது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே சுண்ணாம்பிட்டு வந்த மெக்சிகோப் பெண்களின் கைப்பக்குவத்தை நினைத்தால் எனக்கு உள்ளபடியே மரியாதை பெருகுகிறது.

கேள்வி: நம் வீட்டு கிரைண்டரில் இந்த மாவை அரைக்க இயலுமா?
(பொங்கோல் வாசகர்)

பதில்: இயலும். இட்லிக்கு ஊற்றுவதுபோலத் தண்ணீர் ஊற்றிவிடாமல், கையால் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். நிறமோ வாசனையோ சேர்க்காத, உண்ணத் தகுந்த சுண்ணாம்பையே பயன்படுத்துங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்குமாதலால் எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. இனிப்புச் சோளம் இதற்கு உதவாது. சூடான கல்லில் இருமுறை திருப்பியபின் டோர்ட்டியா புல்கா சப்பாத்தியைப்போல உப்பி எழுந்தால், மாவின் ஈரப்பதம் சரியாக வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கேள்வி: தமாலே என்ற பெயருக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டா? சைவர்கள் அதை உண்ணலாமா?
(ஈசூன் வாசகி)

பதில்: தொடர்பு இல்லை. மெக்சிகோப் பழங்குடியினரின் நாவாட்ல் மொழியிலுள்ள தமாலி என்ற சொல்லே ஸ்பானிய மொழியில் தமால் ஆகி, ஆங்கிலத்தில் தமாலே ஆயிற்று. மாசாவுக்குள் பூரணம் வைத்து, சோளக்கதிரின் மேலுறையிலோ வாழையிலையிலோ மடித்து ஆவியில் வேகவைப்பதைக் கண்டால் நமக்கு இலைக் கொழுக்கட்டை நினைவுக்கு வருவது இயல்புதான். எனினும் மாசாவோடு பன்றிக் கொழுப்பை அடித்துச் சேர்ப்பது அங்கே வழக்கம். அவரைப் பூரணத்தையும் பல இடங்களில் அதிலேயே வதக்குவார்கள். ஆகவே சைவர்களும் முஸ்லிம் நண்பர்களும் பூரணம் என்னவென்பதோடு நிறுத்தாமல், எந்தக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றும் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.