பிறந்தநாள் பீட்சா பழுதாக இருந்தால்

தங்கச்சி, ஆரையம்பதியில் மகனின் பிறந்தநாளுக்கு வாங்கிய கோழி பீட்சா புளித்து மணத்தது, பேக்கரிக்காரர் காசைத் தர மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே கவலையாக இருந்தது.

பிள்ளைகள் யாரும் சாப்பிட்டார்களா? வாந்தி, வயிற்றோட்டம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மிச்சத்தை எறியாமல் பெட்டியோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். படமும் எடுங்கள். பில் இல்லையா? கேட்டால் கடைக்காரர் தந்தே ஆகவேண்டும், அது சட்டம்.

அப்புறம் ஆட்கள் குறைந்த நேரத்தில் முதலாளியிடமே போய்க் கதையுங்கள். போன வருஷம் நான் வாங்கிய பாணைப் பிய்த்தால் நடுவில் பிசுபிசுவென்று நூல் இழுத்தது, அழுகின பழ வாசம் வேறு. வெக்கை காலத்தில் பாணுக்குள் கிருமி பெருகினால் இப்படி ஆகும். சத்தம் போடாமல் முதலாளி கையிலேயே கொடுத்தேன். பிய்த்துப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் காசைத் தந்தார்.

உங்களுக்கு அது சரிவராவிட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் முறைப்பாடு கொடுக்கவேண்டும். கடையின் சுத்தம் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நாளைக்கு இன்னொரு பிள்ளையும் அங்கே சாப்பிடும்.