குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை: மெட்ரோ வாட்டர் வேலையா, தெருக்காரர்கள் வேலையா?

கேட்டிருப்பது இது: தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சின்னத் தெரு. குடிநீர்க் குழாயில் சாக்கடை வாடை. புகார் கொடுத்தால் இரண்டு நாள் சரியாகிறது, மறுபடி நாறுகிறது. இது மெட்ரோ வாட்டர் வேலையா, நாங்களே காசு போட்டுச் சரி பண்ணணுமா?

தெருவில் போகிற மெயின் குழாயும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டருடையது, அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு எல்லாம் மாநகராட்சி. உங்கள் வாசலுக்கு உள்ளே இருக்கும் குழாய், சம்ப் (தரைக்கடித் தொட்டி), மோட்டார் உங்களுடையது. சட்டப்படி இவ்வளவுதான். ஆனால் வட சென்னைத் தெருக்களில் தண்ணீர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. அதனால்தான் ஒருத்தர் மட்டும் சரி பண்ணினால் நிற்பதில்லை.

எப்படிக் கலக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது ஓட்டை இருந்தால் தண்ணீர்தான் வெளியே கசியும், சாக்கடை உள்ளே வராது. தண்ணீரை நிறுத்தியதும் குழாய் காலியாகிறது. பக்கத்திலேயே மேன்ஹோல் கழுத்து வரை நிரம்பி நின்றால், அதிலிருந்து மண்ணில் ஊறிய கழிவு அந்த ஓட்டை வழியாகக் குழாய்க்குள் இறங்கும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதல் குடத்தில் வருவது அதுதான். குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பத்தடி தள்ளி இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. எட்டடி சந்தில் பத்தடிக்கு எங்கே போவது? இரண்டும் ஒரே பள்ளத்தில் ஒட்டிக்கொண்டுதான் போகின்றன.

இதோடு மோட்டாரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மெயின் இணைப்பில் நேரடியாக அரை எச்.பி. மோட்டார் வைத்து உறிஞ்சினால், தண்ணீர் வரும் நேரத்திலேயே குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கழிவை இழுக்கும். மோட்டார் வைத்தவர் வீட்டுக்கு மட்டும் அது போகாது, அதே லைனில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போகும். "அழுத்தமே இல்லை, மோட்டார் போடாமல் தண்ணீர் எப்படி ஏறும்?" என்று சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். நியாயமான கேள்விதான். மோட்டாரே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெயின் தண்ணீர் தானாகச் சம்பில் விழட்டும், மோட்டார் சம்பிலிருந்து மட்டும் எடுக்கட்டும். சம்ப் கட்ட இடம் இல்லாத வீட்டில், தரை மட்டத்தில் ஒரு டிரம்மில் பிடித்து அதிலிருந்து ஏற்றலாம். அடி பம்பும் உறிஞ்சத்தான் செய்யும், ஆனால் மோட்டார் அளவுக்கு இல்லை.

புகார் கொடுப்பதற்கு முன் மூன்று கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விட ஆரம்பித்ததும் ஒன்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்று, இருபது நிமிடம் கழித்து ஒன்று பிடியுங்கள். எல்லாவற்றையும் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பிடிக்க வேண்டும். நேரத்தையும் கதவு எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். முதல் பாட்டில் மட்டும் கறுப்பாக நாறி, மூன்றாவது தெளிவாக இருந்தால் ஓட்டை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. மூன்றுமே நாறினால் கலப்பு தண்ணீர் வருகிற மேல்பக்கம், தொடர்ந்து நடக்கிறது. மோட்டார் போட்டால் மட்டும் நாறுகிறது என்றால் உங்கள் சொந்த இணைப்பைத் தோண்டிப் பாருங்கள். வாடையே இல்லாமல் செம்மண் நிறத்தில் வந்து, அரை மணி நேரத்தில் அடியில் துரு படிந்தால் அது பழைய இரும்புக் குழாயின் துரு. அதைச் சாக்கடை என்று புகார் செய்தால் நாள்தான் வீணாகும்.

இதையே தெருவில் பத்து வீட்டில் ஒரே நாளில் செய்யுங்கள். எந்த வீட்டிலிருந்து நாற ஆரம்பிக்கிறது என்று வரைபடம் போலத் தெரிந்துவிடும். அந்த வீட்டைச் சுற்றி இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, குழாய்ப் பள்ளம். அழுத்தம் குறைவு என்று வாசலில் மூன்றடி தோண்டி, குழாயை அதற்குள் வைத்திருப்பார்கள். மேலே ஒரு தகரம் அல்லது உடைந்த கடப்பாக்கல், உள்ளே பாசி பிடித்த சுவர், குழாய் வாயில் ஒரு துணி கட்டியிருக்கும். தெருவில் சாக்கடை பொங்கினால் முதலில் நிரம்புவது அந்தப் பள்ளம்தான். குழாய் திறந்தபடி மூழ்கிக் கிடந்தால், அழுத்தம் குறைந்ததும் அந்த அழுக்கு நேராக மெயினுக்குள் போகும். பள்ளத்தைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசி, மூடி போட்டு, தண்ணீர் பிடித்ததும் குழாயை இறுக்கி மூடினாலே பாதி பிரச்சினை தீரும். அதற்கு நாலைந்து ஆயிரம் ஆகலாம், ஆனால் ஒரு மஞ்சள் காமாலைக்கு ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, செத்துப்போன இணைப்பு. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது புது இணைப்பு வாங்குவார்கள். பழைய குழாயை மெயினில் மூடாமல், வாசலில் வெட்டி மண்ணைப் போட்டு விட்டுவிடுவார்கள். அந்த வாய் சாக்கடைப் பக்கமே திறந்து கிடக்கும். தெருவில் யார் யார் இடித்துக் கட்டினார்கள் என்பது அதிகாரியை விட உங்கள் தெருப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அதை அவர்கள் சொன்னால்தான் உண்டு.

இப்போது புகாருக்குப் போங்கள். மெட்ரோ வாட்டர் எண் 1916 அல்லது 044-45674567. புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, பாட்டில்களோடு உங்கள் வார்டு மெட்ரோ வாட்டர் அலுவலகத்துக்கு (டிப்போ) நேரில் போய் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். "தண்ணி சரியில்லை" என்று மட்டும் சொன்னால் லாரி அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்கள். மூன்று விஷயம் கேளுங்கள். வீட்டுக் குழாயில் குளோரின் சோதனை: சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நிறமே வராவிட்டால் கலப்பு என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்து, ஜெட்டிங் வண்டி (தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் வண்டி) வைத்துச் சாக்கடையின் மட்டத்தை இறக்குவது. மூன்றாவது, சந்தேகப்படும் இடத்தில் தோண்டி, இணைப்புகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பது. இந்த மூன்றாவதைச் செய்யாமல் ஜெட்டிங் மட்டும் விட்டுப் போவதால்தான் இரண்டே நாளில் மறுபடி நாறுகிறது. இரண்டு மூன்று வீட்டில் வயிற்றுப்போக்கு இருந்தால் மாநகராட்சியின் 1913-லும், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லுங்கள். தண்ணீர் மாதிரியை எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அவசரம் என்று யாரையும் மேன்ஹோலுக்குள் இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். சாக்கடைக்குள் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்போ வாடை இல்லை" என்று இறங்குகிறவர்தான் சாகிறார். உயிர் போனால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அந்தப் பணம் அந்த வீட்டுக்கு மகனைத் திருப்பித் தராது. சாக்கடை அடைக்க முக்கியக் காரணம் நாப்கின், டயப்பர், பழைய துணி, கடை எண்ணெய், கட்டட மணல். மழைக்காலத்தில் மொட்டைமாடி குழாயைச் சாக்கடையில் விடுவதும், தெருத்தண்ணீர் வடிய மேன்ஹோல் மூடியைத் திறப்பதும் அதே அளவு கெடுதல். இதில் மெட்ரோ வாட்டரைத் திட்ட முடியாது.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்கிறேன். "வட சென்னைன்னாலே அப்படித்தான், கேன் வாங்கிக்கோங்க" என்று தென் சென்னையிலிருந்து பதில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. ஊர்க் குப்பை இங்கே வட சென்னையில் இருக்கிற கொடுங்கையூருக்கு வருகிறது. அதே கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து, தினமும் 4.5 கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க ஆலை ஓடுகிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. தொழிற்சாலைக்குத் தனிக் குழாய் போட முடிகிற ஊரில், நாங்கள் அரையாண்டு வரி கட்டும் தெருவில் பழைய குழாயை மாற்றவும் முடிய வேண்டும்.

சரி செய்த பிறகு சம்பை அப்படியே பயன்படுத்தாதீர்கள். காலி செய்து தேய்த்துக் கழுவி, நிரப்பி, 1000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி ஒரு ராத்திரி விட்டு, முழுவதும் வெளியேற்றுங்கள். அதைக் குடிக்கக் கூடாது. பிறகு தினசரிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம், பசையாகக் குழைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். பவுடர் பழசானால் வேலை செய்யாது, திறந்து வைத்த பையை நம்ப வேண்டாம். அடுத்த மூன்று முறை தண்ணீர் விடும்போதும் முதல் பாட்டிலைப் பிடித்து முகர்ந்து பாருங்கள். மூன்றும் தெளிவாக இருக்கும் வரை குழந்தைகளுக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான், புகாரையும் முடிக்க விடாதீர்கள்.