புது பாட் எழவே மாட்டேன் என்கிறதே!

லாக் சர்வர் (புரோகிராம்கள் எழுதும் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் சர்வர்) பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பலருக்கும் பயன்படும் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்று நோட் (கம்ப்யூட்டர்) உள்ள குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) கிளஸ்டரில் லோக்கி என்ற லாக் சர்வரை ஒரே ஒரு ரெப்ளிகாவாக (பிரதியாக), டிப்ளாய்மென்ட்டில் ஓட்டுகிறோம். டேட்டா ஒரு பெர்சிஸ்டன்ட் வால்யூமில் (பாட் போனாலும் நிலைத்திருக்கும் டிஸ்க்கில்) இருக்கிறது. வெர்ஷனை மாற்றினால் புது பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) 'கன்டெய்னர் கிரியேட்டிங்' என்றே நிற்கிறது. பழைய பாடைக் கையால் அழித்தால்தான் எழுகிறது. எங்கே தப்பு?

பதில்: லோக்கியில் தப்பு இல்லை, டிப்ளாய்மென்ட் வேலை செய்யும் விதம் அப்படி. நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டால் அது 'ரோலிங் அப்டேட்' முறையில் போகும். அதில் மேக்ஸ் சர்ஜ் (எவ்வளவு பாட் கூடுதலாக எழலாம்), மேக்ஸ் அன்அவெய்லபிள் (எவ்வளவு பாட் இல்லாமல் போகலாம்) இரண்டுமே 25 சதவீதம்தான், ஆனால் முதலாவதை மேலே ஏற்றியும் இரண்டாவதைக் கீழே இறக்கியும் முழு எண்ணாக்குவார்கள், ஆகவே ரெப்ளிகா ஒன்றுதான் என்றால் ஒரு பாட் கூடுதலாக எழலாம், இருக்கிற பாட் மட்டும் போகக் கூடாது என்று கணக்கு வந்துவிடும். சரி, புது பாட் வேறொரு நோடில் போய் உட்காருகிறது. உங்கள் வால்யூம் 'ரீட் ரைட் ஒன்ஸ்' வகையாகத்தான் இருக்கும், அது ஒரு நேரத்தில் ஒரு நோடில்தான் சேரும். பழைய பாட் டிஸ்க்கை விடாது; புது பாட் தயாராகும்வரை பழையதை யாரும் நிறுத்த மாட்டார்கள். க்யூப்சிடிஎல் (குபர்னெட்டிஸின் கமாண்ட் கருவி) டிஸ்கிரைப் போட்டுப் பாருங்கள், ஈவென்ட்ஸ் பகுதியில் 'மல்டி அட்டாச் எரர்' தெரியும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. இரண்டு பாடும் ஒரே நோடில் விழுந்தால் எரரே வராது, ஏனென்றால் ரீட் ரைட் ஒன்ஸ் தடுப்பது நோடைத்தான், பாடை அல்ல. அப்போது இரண்டு லோக்கி ஒரே ஃபோல்டரில் எழுதிக்கொண்டிருக்கும்.

அவசரத்துக்கு டிப்ளாய்மென்ட்டின் ஸ்ட்ராட்டஜியை 'ரீகிரியேட்' என்று மாற்றினால் போதும், பழையது முழுதாக நின்ற பிறகே புதியது எழும். ஆனால் நான் சொல்வது, டிப்ளாய்மென்ட்டுக்குப் பதிலாக ஸ்டேட்ஃபுல்செட். டிஸ்க்கை நம்பி வாழும் எதற்கும் அதுதான் சரி: பழைய பாடை இறக்கிவிட்டு அதே பெயரில், அதே வால்யூமோடு புதியதை ஏற்றும், ஸ்டேட்ஃபுல்செட்டையே யாராவது அழித்துவிட்டாலும் வழக்கமான அமைப்பில் வால்யூம் கிளெய்ம் (பாடுக்கு டிஸ்க் கேட்கும் கோரிக்கை) அப்படியே இருக்கும். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள், வால்யூம் கிளெய்ம் டெம்ப்ளேட் எழுதினால் புதுப் பெயரில் காலி டிஸ்க் வரும், பழைய லாக் பழைய கிளெய்மில்தான் இருக்கும். அது வேண்டுமென்றால் முதலில் நகலெடுங்கள். அப்புறம், லோக்கியின் அதிகாரபூர்வ இமேஜ் 10001 என்ற யூசராக ஓடுகிறது. எஃப்எஸ் குரூப்பையும் (வால்யூமின் ஃபைல்களுக்கான குரூப் எண்) 10001 என்று கொடுக்காவிட்டால் பல ஸ்டோரேஜ்களில் 'பெர்மிஷன் டினைட்' வந்து நிற்கும்.

கேள்வி: க்யூப்சிடிஎல் லாக்ஸ் இருக்கும்போது தனி லாக் சர்வர் எதற்கு?

பதில்: க்யூப்லெட் (ஒவ்வொரு நோடிலும் ஓடும் குபர்னெட்டிஸ் ஏஜென்ட்) ஒவ்வொரு கன்டெய்னருக்கும் வைத்திருப்பது வழக்கமாக 10 எம்ஐபி அளவில் ஐந்து ஃபைல்கள், அதிலும் அந்தக் கமாண்ட் காட்டுவது கடைசி ஃபைலை மட்டும். பாட் வேறு நோடுக்குத் துரத்தப்பட்டால் அதுவும் போச்சு. ராத்திரி விழுந்த பாடின் கதையைக் காலையில் படிக்க வேண்டுமென்றால் லாக் அந்த நோடை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். அதற்கு ஃப்ளூயன்ட் பிட் (லாக்கை எடுத்து அனுப்பும் கருவி) போன்ற ஒன்றை டீமன்செட்டாக ஒவ்வொரு நோடிலும் ஓட விடுங்கள். கிளஸ்டரை இயக்கும் கன்ட்ரோல் பிளேன் நோடில் டெயின்ட் (மற்ற பாட்களை விலக்கும் குறி) இருக்கும், டாலரேஷன் (அதற்கான விதிவிலக்கு) கொடுக்காவிட்டால் ஏபிஐ சர்வரின் லாக் வராது. எந்த வரி வரை படித்தோம் என்று குறித்துவைக்கும் டிபி ஃபைலை நோடின் டிஸ்க்கில் வையுங்கள், பாடுக்குள் வைத்தால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் வரிகள் விடுபடும், இல்லை இரட்டிப்பாக வரும்.

கேள்வி: லோக்கியில் ஏழு நாள் போதும் என்று ரிடென்ஷன் பீரியடை (லாக்கை வைத்திருக்கும் காலத்தை) கொடுத்தும் டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகிறது.

பதில்: அந்த ஒரு வரி எதையும் அழிக்காது. அழிக்கும் வேலை லோக்கிக்குள் இருக்கும் கம்பேக்டருடையது, கான்ஃபிகில் அதன் பகுதியில் 'ரிடென்ஷன் எனேபிள்டு' என்பதை ட்ரூ ஆக்கினால்தான் வேலை நடக்கும். சொல்லாவிட்டால் லோக்கி எல்லாவற்றையும் காலாகாலத்துக்கும் வைத்துக்கொள்ளும். லோக்கி 3-இல் 'டிலீட் ரிக்வெஸ்ட் ஸ்டோர்' (அழிக்கும் கோரிக்கைகளைச் சேமிக்கும் இடம்) எது என்றும் எழுத வேண்டும். ஆன் செய்த உடனே இடம் காலியாகாது, குறித்துவைத்து இரண்டு மணி நேரம் பொறுத்துத்தான் அழிக்கும், பயந்துபோய்க் கையால் ஃபைல்களை அழிக்காதீர்கள். லேபிள்களையும் (லாக்கை வகைப்படுத்தும் குறிச்சொற்கள்) ஒரு தடவை பாருங்கள். ரிக்வெஸ்ட் ஐடி, யூசர் ஐடி மாதிரி ஓயாமல் மாறுகிறவற்றை லேபிளாக்கினால் ஒவ்வொன்றும் தனி ஸ்ட்ரீம் ஆகிவிடும், குட்டிக் குட்டி ஃபைல்கள் குவியும், மெமரியும் போகும். நேம்ஸ்பேஸ், ஆப், கன்டெய்னர் போதும், மற்றதைத் தேடும்போது வரியிலிருந்து பிரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ரவுட்டர்களின் சிஸ்லாகை (அவை நெட்வொர்க் வழியாக அனுப்பும் லாக்) கிளஸ்டருக்குள் வாங்குகிறோம். எல்லா வரியிலும் நோடின் ஐபியே வருகிறது, எந்த ரவுட்டர் என்று தெரியவில்லை.

பதில்: சர்வீஸ் (பாட்களுக்கு முன்னால் நிற்கும் பொது முகவரி) வழியாக வரும்போது அனுப்பியவரின் முகவரி மாற்றப்படுகிறது. சர்வீஸில் 'எக்ஸ்டர்னல் டிராஃபிக் பாலிசி'யை 'லோக்கல்' என்று வையுங்கள், உண்மையான ஐபி வரும். ஆனால் அதன் பிறகு சிஸ்லாக் பாட் இல்லாத நோடுக்கு வரும் பாக்கெட் தொலைந்துபோகும், யுடிபி என்றால் அனுப்பிய ரவுட்டருக்கு அது தெரியவும் தெரியாது. அதனால் முன்னால் ஹெல்த் செக் பார்க்கும் லோட் பேலன்சர் வையுங்கள், அது இல்லையென்றால் சிஸ்லாக் பாடையும் டீமன்செட்டாக எல்லா நோடிலும் ஓட்டுங்கள்.